கீழே இறங்கிய புகை

கப்ரால் தனிஸ்லாஸின் பைப்புப் புகை மேலே போகாமல் முதன்முதலாகக் கீழே இறங்கியது ஒரு கத்திரி வெயில் மத்தியானத்தில். காரைக்கால் பழைய தபால் தெருவில் நாய்கள்கூட வெளியே தலைகாட்டாத நேரம் அது. அவர் மனைவி மதலேன் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கையிலிருந்த முறத்தைக் கீழே வைக்காமலேயே, "என்னாங்க, ஒங்க பொகை தரையில ஊத்துது, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, இப்பதான் தொடச்சேன்" என்றாள்.

அவரும் தள்ளி உட்கார்ந்தார். புகை அவர் மீசையிலிருந்து வழிந்து, பனியன் மேல் நடந்து, நாற்காலிக் காலைப் பிடித்து இறங்கி, சிமெண்ட் தரையில் வெள்ளையாகப் பரவி, மதலேனின் பாதங்களைத் தொட்டது. தொட்ட இடம் கிணற்றில் கால் விட்டதுபோல் ஜில்லென்றிருந்தது. பித்தவெடிப்புக்கு இதமாக இருந்ததால் அவள் அங்கேயே நின்று மிச்ச அரிசியையும் புடைத்து முடித்தாள்.

கப்ரால் என்பது பிரெஞ்சு ராணுவத்தில் அவருக்கிருந்த பதவி. பதினேழு வருஷம் அந்த ராணுவத்தில் இருந்துவிட்டு, இரண்டு பைப்பும் ஒரு குரலும் கொண்டு ஊர் திரும்பியவர் தனிஸ்லாஸ். பைப்புகள் அலமாரியில் இருந்தன. குரல் தெரு முழுக்க இருந்தது. தினமும் காலை பதினோரு மணிக்கு மீன்குழம்பைச் சட்டியிலேயே ஒரு சொட்டு நக்கிப் பார்த்து "புளி பத்தல" என்று ஆரம்பிப்பார், மதலேன் "நாப்பத்தாறு வருஷமா பத்தாத புளி இன்னைக்கி மட்டும் பத்திருமா" என்று எடுத்துக் கொடுப்பாள், அங்கிருந்து சண்டை குழம்பை விட்டு, மீனை விட்டு, மாமியார் வீட்டு வழியாகப் போய், கல்யாணத்தன்று யார் யாரை முதலில் முறைத்தார்கள் என்பதில் வந்து நிற்கும். சரியாகக் கால் மணி நேரம். கப்ரால் கோபத்துக்கு ஆயுள் அவ்வளவுதான். பதினாறாவது நிமிஷம் பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு "நீ சாப்ட்டியா?" என்று கேட்பார். பக்கத்து வீட்டு சபுரா பீவி இந்தச் சண்டை தொடங்கும்போது உலை வைப்பாள், முடியும்போது வடிப்பாள்; ஒருநாளும் சோறு குழைந்ததில்லை.

இந்தக் கால் மணி நேரக் கணக்கு தெருவில் எல்லோருக்கும் தெரியும், மீன்காரிக்குத் தெரியும், தபால்காரருக்குத் தெரியும். தெரியாமல் போனது ஒரே ஒருவனுக்கு, அவர் பெற்ற மகனுக்கு. அருளப்பனை அவர்தான் பிரான்சுக்கு அனுப்பி ராணுவத்தில் சேர வைத்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அவன் போன் பண்ணி, ராணுவத்தை விட்டுவிட்டேன், ரொட்டிக் கடையில் மாவு பிசைகிற வேலைக்குச் சேர்ந்துவிட்டேன் என்றான். கப்ரால் கத்தினார். "இனிமே இந்த வாசல மிதிக்காத" என்றார். அப்போது ஐந்து நிமிஷம்தான் ஆகியிருந்தது. இன்னும் பத்து நிமிஷம் காத்திருந்தால் சாப்ட்டியா என்று கேட்டிருப்பார். ஆனால் பையன் வெளிநாட்டுக்குப் போய், சொன்ன சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளப் பழகியிருந்தான், போனை வைத்துவிட்டான். மகன் முதலில் எடுக்கட்டும் என்று இவரும், வரச் சொன்னால் வருவோம் என்று அவனும் பன்னிரண்டு வருஷத்தை ஓட்டினார்கள். அவன் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, அப்பா சீட்டாடப் போகிற நேரம் பார்த்து, சபுரா பீவியின் செல்போனுக்குக் கூப்பிடுவான். மதலேன் அடுப்படி வழியாகப் போய்ப் பேசிவிட்டு வருவாள்.

கப்ரால் மகன் பெயரைச் சொன்னதே இல்லை. ஆனால் வருஷாவருஷம் ஜூன் இருபத்திநாலாம் தேதி, அவன் பிறந்தநாளில், காலையிலிருந்தே ஏதாவது ஒன்றைச் சாக்கிட்டுக் கத்துவார். பூனையை, வெயிலை, அன்றைய பேப்பரை. கடைசியில் ஒரு பீங்கான் தட்டு உடையும். மதலேன் அதைப் பெருக்கி அள்ளும்போது மனதுக்குள் சந்தோஷமாக இருக்கும். பதினோரு தட்டுகள் உடைந்திருந்தன. அந்த மனுஷனுக்குப் பிள்ளைமேல் இருந்த பாசத்துக்கு அவளிடம் வேறு அத்தாட்சி ஒன்றும் கிடையாது.

இனி புகை குளிர்ந்த கதை. அதற்குக் காரணம் கப்ராலின் நாக்கு. விசில் ஊதுவதற்குள் குடித்து முடிக்க வேண்டிய ராணுவப் பழக்கத்தில் அவர் பைப்பை ரயில் என்ஜின் மாதிரி இழுப்பார். புகையிலை இடுகிற கிண்ணம் கொதிக்கும், புகை நெருப்பாக வந்து நாக்கைச் சுடும், மறுநாள் ரசம் பட்டால் உயிர் போகும். அந்தச் சித்திரையில் நாக்கின் நுனியில் புண் ஆறவே மாட்டேன் என்றது. டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "விட்டுருங்க" என்றார். "முடியாது" என்றார் கப்ரால். "அப்ப ஆறவச்சிக் குடிங்க" என்று டாக்டர் எரிச்சலில் சொன்னார். கப்ரால் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார். உத்தரவு என்று வந்துவிட்டால் அவர் வேறு ஆள்.

புகையிலையைச் செய்தித்தாளில் பரப்பி அரை மணி நேரம் நிழலில் ஆறவிட்டார். விரலில் ஒட்டாமல், அமுக்கினால் நொறுங்காமல், விட்டால் மெல்ல எழும்புகிற பதம் வந்ததும் மூன்று சிட்டிகையாகக் கிண்ணத்தில் இட்டார்: முதல் சிட்டிகை தூவினாற்போல, இரண்டாவது படுக்க வைத்தாற்போல, மூன்றாவது கதவைத் தாழ்போடாமல் சாத்தினாற்போல. ஒருமுறை பற்றவைத்து அணையவிட்டு, கருகிய மேற்பரப்பைத் தட்டையாக்கி, மறுபடி பற்றவைத்தார். கொதிக்கிற காப்பியை உறிஞ்சுவதுபோல் உதட்டு நுனியால் இழுத்தார். அடிக்கடி கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, சுட்டால் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தார். முடிந்ததும் கோழியிறகால் குழாயின் ஈரத்தைத் துடைத்து, ஒருநாள் ஒரு பைப்பு, மறுநாள் இன்னொன்று என்று மாற்றி மாற்றி ஓய்வு கொடுத்தார். புகை நாளுக்கு நாள் ஆறியது. வெதுவெதுப்பானது. அப்புறம் வெதுவெதுப்பும் போனது. இருபதாம் நாள், முன்னே சொன்ன மத்தியானத்தில், அது தரையில் இறங்கி மதலேனின் காலைத் தொட்டது. இதற்கு மேல் அதற்குக் காரணம் யாரும் கேட்கவில்லை, கேட்க நேரமும் இல்லை, வெயில் அப்படி.

முதலில் வந்தது பூனை. வந்து புகையில் கழுத்துவரை மூழ்கிப் படுத்துக்கொண்டது. பிறகு சபுரா பீவி தன் இன்சுலின் மருந்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, "மதலேனக்கா, கரண்டு போயி ரெண்டு மணி நேரமாச்சி, ஒரு ஓரமா வச்சிட்டுப் போறேன்" என்று நாற்காலிக்கடியில் வைத்தாள். அவளைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி இட்லி மாவைக் கொண்டுவந்தாள், பூக்காரி நாளைக்கு மலர வேண்டிய மொட்டுகளை ஈரச் சாக்கோடு கொண்டுவந்தாள், மீன்காரி விற்காத வஞ்சிரத்தைக் கப்ராலின் காலடியில் வைத்துவிட்டு "இது நேத்துப் பிடிச்சதுன்னு யாருகிட்டயும் சொல்லிராதீங்க" என்றாள். ஒரு வாரத்தில் புகை முட்டி உயரத்துக்கு நிரம்பி, வாசற்படி தாண்டித் தெருவில் வழிந்து, இரண்டு பக்கமும் பத்துப் பத்து வீடு வரை போய், ஜவுளிக் கடை வாசலில் கரைந்தது. கர்ப்பிணிகள் நாற்காலி போட்டு அதில் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். குழந்தைகளுக்கு வேர்க்குரு மறைந்தது. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவுக்கு இறைக்க வாங்கிய மாம்பழக் கூடைகள் ஏழு வந்து கப்ராலின் முன்கூடத்தில் அடுக்கப்பட்டன. அந்த வருஷம் மாடியிலிருந்து வீசிய பழம் தலையில் விழுந்தவர்களுக்கு முதலில் சிலிர்த்தது, அப்புறம்தான் வலித்தது.

மின்சாரக் கணக்கெடுக்க வந்தவர், இந்தத் தெருவில் மட்டும் மீட்டர் ஏன் நகரவில்லை என்று சந்தேகப்பட்டுக் கம்பத்தில் ஏறிப் பார்த்தார், திருட்டுக் கொக்கி எதுவும் இல்லை, இறங்கும்போது கால் புகைக்குள் பட்டது, அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டுப் போனார். பங்குச் சாமியார் வந்து பார்த்தார். "அற்புதம்னு சொன்னா ஆயருக்கு எழுதணும், எழுதினா விசாரணைக்கு ஆள் வருவாங்க, வர்றவங்க கேள்வி கேப்பாங்க, கேள்வி கேட்டா இவரு கோவப்படுவாரு. குளிர்ச்சின்னு மட்டும் சொல்லிக்குவோமே" என்றார். சொல்லிவிட்டு பீடத்துக்குரிய பூச்சாடிகளை அனுப்பிவைத்தார்.

கோபப்படுவார் என்பதுதான் தெருவின் ஒரே பயம். கோபம் வந்தால் வேகமாக இழுப்பார், வேகமாக இழுத்தால் புகை சுடும், சுட்டால் மேலே போய்விடும். ஆகவே தெரு நலச் சங்கச் செயலாளர் குஞ்சிதபாதம் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினார். ஒருவர் மூச்சில் தெருவே குளிர்காயாமல் குளிர்ந்துகொண்டிருக்கிறது, ஆகையால் கப்ராலுக்கு எதிரில் யாரும் கெட்ட செய்தி சொல்லக் கூடாது, ஆரன் அடிக்கக் கூடாது, அரசியல் பேசக் கூடாது, பேப்பரில் அரசியல் வரும் நடுப்பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் போட வேண்டும். தேர்தல் வேன் ஒன்று மைக் கட்டிக்கொண்டு வந்தபோது மாவுப் பாத்திரம் வைத்திருந்த பெண்கள் பன்னிரண்டு பேர் கைகோர்த்து நின்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியாகக் குஞ்சிதபாதம் மதலேனிடமும் வந்து கைகூப்பினார்.

"அம்மா, ஒங்களுக்குச் சொல்ற அளவுக்கு எனக்கு வயசு பத்தாது. அந்தப் பதினோரு மணிச் சண்டைய மட்டும் கொஞ்சம் நிறுத்தி வச்சீங்கன்னா நல்லாருக்கும்."

"நானா ஆரம்பிக்கிறேன்? அவருதான புளி பத்தலம்பாரு."

"புளிய சேத்துப் போட்டுருங்களேம்மா."

மதலேனுக்கு ஊருக்கு உபகாரமாக இருப்பதில் ஆட்சேபம் இல்லை. மறுநாள் புளியைச் சேர்த்துப் போட்டாள். கப்ரால் நக்கிப் பார்த்து, "நல்லாருக்கு" என்றார். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்கு மறுநாள் வேண்டுமென்றே புளியே இல்லாமல் வைத்தாள். நக்கிப் பார்த்தார், "நல்லாருக்கு" என்றார். அன்று சபுரா பீவி வீட்டில் சோறு குழைந்தது.

குளிர்ந்த புகை வெளியே மட்டும் இறங்கவில்லை என்று மதலேனுக்கு அப்போது லேசாகப் பட்டது. உறிஞ்சுகிற ஆளின் உள்ளேயும் அது இறங்கத்தானே வேண்டும். அதை உறுதிப்படுத்த மாசிலாமணி செத்துப் போனார். மாசிலாமணி ஓய்வுபெற்ற கம்பவுண்டர், முப்பது வருஷமாகக் கப்ராலோடு சீட்டாடியவர், சீட்டில் ஏமாற்றியவர், ஏமாற்றுவது தெரிந்தும் விடாமல் அவரோடு மட்டுமே கப்ரால் ஆடினார். மாசிலாமணியின் மகள் வெளிநாட்டிலிருந்து வந்துசேர இரண்டு நாள் ஆகும். ஐஸ் பெட்டிக்குச் சொல்லவில்லை, கப்ராலுக்குச் சொன்னார்கள். அவர் இரண்டு பைப்பையும் எடுத்துக்கொண்டு போய், பிணத்தின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு நாள் உறிஞ்சினார். மகள் வந்து பார்த்தபோது அப்பாவின் முகம் இப்போதுதான் தூங்கினவர் மாதிரி இருந்தது. அவள் கப்ரால் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எல்லோரும் அழுதார்கள். கப்ரால் கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வருகிற வழியில், "நல்ல மனுசன்" என்றார், "நல்ல வெயில்" என்று சொல்வதுபோல.

ஜூன் இருபத்திநாலு வந்தது. மதலேன் காலையிலேயே பன்னிரண்டாவது தட்டை எடுத்து, மேஜை விளிம்பில், பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி, கைபட்டால் விழும்படி வைத்தாள். கப்ரால் எழுந்தார், பூனையைத் தடவினார், பேப்பர் படித்தார், நடுப்பக்கம் இல்லாததைக் கவனிக்கவில்லை. சாயங்காலம் மேஜைப் பக்கம் வந்து, நீட்டிக்கொண்டிருந்த தட்டைப் பார்த்து, ஒரு விரலால் உள்ளே தள்ளிவைத்தார். மதலேன் அடுப்படிக்குப் போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். வெளியே பெண்கள் புகைக்குள் கால் நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அருளப்பன் சபுரா பீவியின் போனில், ஆகஸ்டில் லீவு கிடைத்திருக்கிறது, ஐந்து நாளைக்கு வரட்டுமா, அப்பா ஒத்துக்கொள்வாரா என்று கேட்டான். பன்னிரண்டு வருஷத்தில் அவன் அதைக் கேட்டது முதல் தடவை. சபுரா பீவிக்கே கண் கலங்கிவிட்டது. "சொல்லிருங்கக்கா, கத்துனா கத்திட்டுப் போறாரு" என்றாள். விஷயம் தெரிந்து குஞ்சிதபாதம் ஓடி வந்து, ஆகஸ்டில் தன் மகள் கல்யாணம் இருக்கிறது, இரண்டு அண்டா தயிரும் அவ்வளவு பூவும் கப்ராலை நம்பித்தான் இருக்கின்றன, பையனை செப்டம்பரில் வரச் சொல்லுங்கள் என்று கெஞ்சினார். மதலேன் கேட்கவில்லை. அன்றைக்கே சொன்னாள். சொல்லும்போதே மனதுக்குள் வேண்டிக்கொண்டாள், அவர் எப்படியாவது கத்திவிட வேண்டுமே என்று.

"அருளப்பன் வரானாம். ஆகஸ்டுல."

கப்ரால் புகையை இறக்கினார். "வரட்டும்" என்றார். "பின்னறையில பல்பு எரியுதா பாரு."

அருளப்பன் வந்தான். முன்நெற்றி ஏறி, உடம்பு வைத்து, கையில் ஒரு பெரிய ரொட்டியோடு வாசலில் வந்து நின்றான். மிதிக்காதே என்று சொன்ன வாசலை மிதிக்கலாமா என்று தெரியாமல் ஒரு காலைத் தூக்கியபடி நின்றான், தூக்கின காலுக்குக் கீழே வெள்ளைப் புகை ஓடியது. கப்ரால் நாற்காலியிலிருந்து எழுந்து கை நீட்டினார்.

"வாங்க" என்றார். "பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்திச்சா?"

பெற்ற பிள்ளையை வாங்க என்று கூப்பிட்டதைக் கேட்டு, பின்னால் வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று மதலேன் எட்டிப் பார்த்தாள். அருளப்பன் கை கொடுத்தான். அப்பாவின் கை அவனுடைய கடையில் மாவு வைக்கும் குளிர்ப்பெட்டி மாதிரி இருந்தது.

அப்புறம் நான்கு நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கப்ரால் அவனுக்குத் தலையணை சரியாக இருக்கிறதா என்று விசாரித்தார். பாரிசில் மழை பெய்கிறதா என்று விசாரித்தார். ரொட்டிக் கடையைப் பற்றி அவன் எடுத்தபோது, "நல்ல தொழில்" என்றார். அருளப்பன் பன்னிரண்டு வருஷமாக இராத்திரி இராத்திரி மனதுக்குள் தயாரித்து வைத்திருந்த பதில்கள் எத்தனையோ இருந்தன, ஒன்றுக்கும் கேள்வி வரவில்லை. அப்பாவுக்குத் தன் கையால் ரொட்டி சுட்டுக் கொடுக்கலாம் என்று இரண்டாம் நாள் மாவு பிசைந்து ஒரு பேசினில் மூடிவைத்தான். அந்தக் குளிரில் மாவு எழும்பவே இல்லை. மூன்றாம் நாள் பார்த்தான், நான்காம் நாள் பார்த்தான், பிசைந்து வைத்தபடியே கிடந்தது.

ஐந்தாம் நாள் காலை மதலேன் சுட்டுப் போட்ட இட்லி ஆறைச் சாப்பிட்டுவிட்டு, அவன் பெட்டியைக் கட்டத் தொடங்கினான். "சாயங்காலம்தான் வண்டின்னாலும் இப்பவே கெளம்புறேம்மா" என்றான். "அப்பா என்மேல கோவமா இல்ல. கோவமா இருந்திருந்தாக்கூட எதுனா இருந்திருக்கும்மா. நான் யாரோ மாதிரி இருக்கேன். இனிமே வரமாட்டேன், நீ போன்ல பேசு."

முன்கூடத்தில் கல்யாணத் தயிர் அண்டா இரண்டும், மல்லிகை மொட்டுச் சாக்கு நான்கும், பத்து வீட்டு இட்லி மாவும் புகைக்குள் வரிசையாக இருந்தன. கப்ரால் குளிக்கப் போயிருந்தார். அவர் பரப்பி வைத்திருந்த புகையிலை செய்தித்தாளில் பதமாக ஆறிக்கொண்டிருந்தது. மதலேன் அதை ஒரு நிமிஷம் பார்த்தாள். ஊரெல்லாம் குளிர்ந்து கிடக்கட்டும், எனக்கு என் புருஷன் வேண்டும், என் பிள்ளைக்கு அவன் அப்பன் வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததும் அவளுக்குப் பயம் போய்விட்டது.

ஆறின புகையிலையை அப்படியே மடித்து ஓரமாக வைத்தாள். டின்னிலிருந்து புதிதாக ஒரு கை அள்ளி, குடத்துத் தண்ணீரில் விரல் நனைத்துத் தெளித்தாள். நேற்றுக் குடித்து இன்று ஓய்வில் இருந்த பைப்பையே எடுத்தாள். மூன்று சிட்டிகையாவது ஒன்றாவது, மொத்தத்தையும் திணித்து, கட்டைவிரலால் அழுத்தி, போதாமல் சின்ன உலக்கையின் பூணால் இடித்து அடைத்து, மேஜையில் தீப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். மணி பதினொன்று ஆகப் பத்து நிமிஷம் இருந்தது.

கப்ரால் வந்தார், உட்கார்ந்தார், பற்றவைத்தார், அணைந்தது. பற்றவைத்தார், அணைந்தது. ஏழாவது குச்சியில் ஒரு ஓரம் பிடித்தது. மெல்ல உறிஞ்சினார், ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் இழுத்தார், குழாய்க்குள் தண்ணீர் களகளவென்றது. ராணுவத்தில் விசிலுக்கு முன்னால் இழுப்பதுபோல் கன்னம் ஒட்ட இழுத்தார். நெருப்பு மாதிரி ஒரு புகை வந்து நாக்கு நுனியில், ஆறிப்போயிருந்த அந்தப் பழைய புண்ணிலேயே சுரீரென்று சுட்டது.

"எந்தக் கழுதைடி இத அடைச்சது!"

நான்கு மாதமாகக் கேட்காத குரல். பூனை எழுந்து ஓடியது. தெருவில் கால் நீட்டியிருந்தவர்கள் காலை இழுத்துக்கொண்டார்கள். மதலேன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இந்தக் கழுதைதான்" என்றாள்.

"அறிவிருக்கா ஒனக்கு? நாக்கு வெந்துபோச்சி!"

"எங்கிட்ட ஏன் கத்துறீங்க? கத்த வேண்டியவன் பெட்டியக் கட்டிட்டு நிக்கிறான் பாருங்க. அவன்கிட்டக் கத்துங்க."

கப்ரால் திரும்பினார். பின்னறை வாசலில் பெட்டியும் கையுமாக நின்ற ஆளைப் பார்த்தார். தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார், அப்புறம் தெரிந்த ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவர் வாயிலிருந்து மிச்சப் புகை கொப்பளித்துக்கொண்டு நேரே மேலே போய் உத்தரத்தில் முட்டியது.

"எங்கடா போயிருந்த பன்னண்டு வருஷமா?"

"அப்பா..."

"அப்பாவா? போன வச்சவன் நீ! பேசிட்டிருக்கும்போதே வச்சவன்! ஒரு வார்த்த சொன்னா அப்பிடியே புடிச்சிக்குவியா? ரொட்டி சுடப் போறானாம் ரொட்டி! மாசிலாமணி செத்துட்டான்டா, தெரியுமா ஒனக்கு? செத்தே போயிட்டான்!"

அருளப்பனுக்கு முகம் சிவந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தான். மதலேன் முன்னால் போய் இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பெட்டிய எறக்கு" என்றாள். "போன தடவ அஞ்சு நிமிஷத்துல போயிட்ட. இன்னும் பன்னண்டு நிமிஷம் இருக்கு. நில்லு."

அவன் அம்மாவைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், பெட்டியை இறக்கினான். இறக்கிவிட்டுத் திரும்பி அவனும் கத்தினான். மனதுக்குள் பன்னிரண்டு வருஷம் வைத்திருந்ததையெல்லாம் கத்தினான். குரல் அச்சு அசலாகக் கப்ரால் குரல். சபுரா பீவி எது யார் குரல் என்று புரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று உலை வைத்தாள். கூடத்தில் புகை கலைந்து ஜன்னல் வழியாக மேலே போனது. தரை வெளியே வந்தது, அண்டாக்கள் வியர்த்தன, நான்கு சாக்கு மல்லிகையும் ஒரே நேரத்தில் மலர்ந்து தெருமுனை வரை மணத்தது. பத்து வீட்டு இட்லி மாவும் பொங்கிப் பாத்திரத்தை விட்டு வழிந்தது. மேஜைக்கடியில் பேசினில் கிடந்த ரொட்டி மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு எழும்பியது. கப்ரால் மேஜையில் ஓங்கி அடித்தார், பன்னிரண்டாவது தட்டு விழுந்து உடைந்தது. மதலேன் நிலையைப் பிடித்த கையை எடுக்காமல் அழுதாள், இந்தத் தடவை முந்தானையை வாயில் அடைக்கவில்லை.

குஞ்சிதபாதம் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தார். "அய்யோ, தயிரு புளிச்சிரும்மா, நாளைக்கிக் கல்யாணம்மா!" சபுரா பீவி கரண்டியோடு வெளியே வந்து அவரை மறித்தாள். "புளிச்சா மோர்க்கொழம்பு வச்சிக்கலாம், பேசாம நில்லுங்க. இன்னும் நாலு நிமிஷந்தான்." அவர் நின்றார். தெருவே வெயிலில் நின்றது. யாரும் ஆரன் அடிக்கவில்லை. எல்லோர் முதுகிலும் வேர்த்து வடிந்தது.

பதினாறாவது நிமிஷம் கப்ரால் "ஒன்ன மாதிரி ஒரு புள்ளைய..." என்று ஆரம்பித்த வாக்கியத்தைப் பாதியில் விட்டார். நாக்கை வெளியே நீட்டி ஊதிக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீ சாப்ட்டியாடா?" என்று கேட்டார்.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஆறு இட்லி சாப்பிட்டிருந்த அருளப்பன், "இல்லப்பா" என்றான்.